வாசகர் கேள்வி: மருந்தை இறைத்து வெளியே ஊற்றும் செல்

‘கீமோ சிலருக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?’ என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். நான்கு வரியில் பதில் சொல்லி, போகிற போக்கில் ‘பம்பு’ என்று ஒரு சொல்லையும் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்தப் பம்பைப் பற்றித்தான். சரி, ரத்தசோகை, இரும்புச்சத்துக் கேள்விகளுக்கெல்லாம் இந்த முறை விடுமுறை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒன்று: நான் டாக்டர் இல்லை. ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் ரத்தவியல் ஆய்வகத்தில் 28 ஆண்டு வேலை பார்த்தவள். அதில் பாதிக்கு மேல், செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற ஒரே மெஷின் முன்னால் கழிந்தது. என்ன மாத்திரை சாப்பிடலாம் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். மெஷின் என்ன சொல்கிறது என்று கேட்டால் விடிய விடியப் பேசுவேன்.

“அம்மா, என் அப்பாவுக்கு 67 வயது. ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். ஆராய்ச்சிக்கு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ‘எம்.டி.ஆர். செயல்பாடு: பாசிட்டிவ், விகிதம் 2.4’ என்று இருக்கிறது. தேடிப் பார்த்தால் ‘பல மருந்து எதிர்ப்பு’ என்று வருகிறது. அப்பாவுக்கு இனி எந்த மருந்துமே கேட்காதா?” – தேனியிலிருந்து ஒரு வாசகி

கேட்கும் அம்மா. முதலில் அந்தத் தாளைக் கீழே வையுங்கள். ‘பல மருந்து’ என்ற பெயர்தான் பயமுறுத்துகிறது. அது ‘எல்லா மருந்தும்’ என்று ஆகாது.

மழைக்காலத்தில் தாழ்வான வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் மோட்டார் வைத்து இறைக்கிறோம் இல்லையா? சில ரத்தப் புற்றுச் செல்களும் அதையே செய்கின்றன. செல்லின் வெளிச்சவ்வில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்று ஒரு புரதம் இருக்கிறது. உள்ளே நுழையப் பார்க்கும் மருந்தை வாசற்படியிலேயே பிடித்து வெளியே தள்ளிவிடும். மோட்டாருக்கு கரண்ட் போல இதற்கு ஏ.டி.பி. என்ற செல்லின் எரிபொருள் வேண்டும். மருந்து பாட்டிலில் இருக்கிறது, ரத்தத்திலும் இருக்கிறது, செல்லுக்குள் மட்டும் தங்குவதில்லை.

இதை 1976-இல் கனடாவின் டொராண்டோவில் ஜூலியானோ, விக்டர் லிங் என்ற இருவர் வெளியிட்டார்கள். வெள்ளெலி வகை ஒன்றின் செல்களைக் கோல்ச்சிசின் என்ற நஞ்சில் வளர்த்து, சாகாமல் தப்பியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துப் பார்த்தபோது, அவற்றின் சவ்வில் இந்தப் புரதம் குவிந்திருந்தது. நஞ்சை உள்ளே விடும் அளவு மாறியிருந்ததால், ஊடுருவல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான ‘பி’யை வைத்தார்கள். இந்தக் கோல்ச்சிசின் நமக்கு அந்நியமானதில்லை. நம் மாநிலப் பூவான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது அதுதான். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று பந்தல் கட்டி வளர்க்கிறார்களே, அதே செடி.

அவர்களைத் திகைக்க வைத்தது வேறு ஒன்று. கோல்ச்சிசினுக்குப் பழகிய செல், தன் வாழ்நாளில் பார்த்தே இராத வேறு மருந்துகளுக்கும் அசையவில்லை. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின், மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து வந்த டானோரூபிசின், எட்டோபோசைட் எல்லாம் இந்தப் பம்புக்குப் பிடிபடும். ‘பல மருந்து’ என்று பெயர் வந்தது இதனால்தான்.

இப்போது அப்பா விஷயம். ஏ.எம்.எல்.-க்கு வழக்கமாகக் கொடுக்கும் கீமோவை ‘ஏழு மூன்று’ என்பார்கள். சைட்டராபின் ஏழு நாள், டானோரூபிசின் வகை மருந்து மூன்று நாள். இதில் டானோரூபிசினைத்தான் பம்பு இறைக்கும், சைட்டராபினைத் தொடாது. அப்பாவின் வயதில் பம்பு இருப்பது அபூர்வமும் இல்லை. அமெரிக்காவில் 55 வயதைத் தாண்டிய 211 ஏ.எம்.எல். நோயாளிகளைப் பார்த்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில் 71 சதவீதம் பேரிடம் அது இருந்தது. பம்பு இருந்தவர்களிடம் முதல் சுற்றுக் கீமோ அவ்வளவாக எடுபடவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் குரோமோசோம் கோளாறு அதில் பெரிய பங்கு வகித்தது. டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது குரோமோசோம் ரிப்போர்ட்டையும், எஃப்.எல்.டி.3, என்.பி.எம்.1 போன்ற மரபணு ரிப்போர்ட்டையும்தான். சிகிச்சையை முடிவு செய்வது அவை. அந்த 2.4 எப்படி வந்தது என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

“மேடம், நான் எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகப் படிப்பு) இறுதியாண்டு. பாடத்தில் ‘ரோடமின் எஃப்ளக்ஸ்’ (ரோடமின் சாயம் வெளியேற்றம்) என்று அரைப் பக்கம்தான் இருக்கிறது. கையால் எப்படிச் செய்வது? பம்பைக் கண்டுபிடிக்க ஆன்டிபாடியே போதாதா?” – திருநெல்வேலி மாணவர்

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

கடைசியிலிருந்து தொடங்குகிறேன். ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் போய் ஒட்டும் இன்னொரு புரதம். அதைப் போட்டால் செல்லின் மேல் எத்தனை பம்பு இருக்கிறது என்று தெரியும். மாடியில் மோட்டார் இருப்பது வேறு, தொட்டியில் தண்ணீர் ஏறுவது வேறு. ஓடாத மோட்டாரும் ஆன்டிபாடிக்கு மோட்டார்தான். எம்.ஆர்.கே.16, யு.ஐ.சி.2 என்ற ஆன்டிபாடிகள் செல்லின் வெளிப்புறத்தில் ஒட்டும். சி219 உட்புறத்தில் ஒட்டுவது, அதற்குச் செல்லில் ஓட்டை போட வேண்டும். ஒன்று நன்றாக ஒட்டும், இன்னொன்று அதே செல்லில் ஒட்டாது. 1994-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸில் இந்தத் துறைக்காரர்கள் கூடி, வெவ்வேறு இடத்தில் ஒட்டும் இரண்டு ஆன்டிபாடியாவது போடுங்கள் என்று சொன்னது அதனால்தான். ஆன்டிபாடியைப் போடு, ஆனால் அதோடு நிறுத்தாதே. பம்பு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சாயம்.

எலும்பு மஜ்ஜையோ ரத்தமோ வந்ததும் ஃபிக்கால் என்ற கனமான திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றிச் சுழல் மெஷினில் சுற்றினால், நடுவில் மோர் ஆடை மாதிரி ஒரு வெள்ளை வளையம் நிற்கும். வேண்டிய செல் அதில் இருக்கிறது. உறிஞ்சி எடுத்துக் கழுவி, எண்ணி, வளர்ப்புத் திரவத்தில் விடு. அதில் ரோடமின் 123 சாயத்தைத் துளி அளவு சேர்த்து 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம் வை. செல்கள் சாயத்தைக் குடிக்கும். பிறகு குளிர்ந்த திரவத்தில் கழுவி, மூன்று டியூபாகப் பிரி. முதல் டியூப் நேரே ஐஸுக்குள். குளிரில் பம்பு ஓடாது, ஆகவே குடித்த சாயம் முழுக்க உள்ளேயே இருக்கும். இரண்டாவது டியூப் சாயமில்லாத திரவத்தில், திரும்பவும் 37 டிகிரியில் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ. பம்பு இருந்தால் இந்த நேரத்தில் இறைத்துத் தள்ளிவிடும். மூன்றாவதும் அதே போலத்தான், ஆனால் அதில் வெராபமில் அல்லது சைக்ளோஸ்போரின் சேர்த்திருக்கும். அது பம்பின் ஃப்யூஸைப் பிடுங்குகிற மருந்து. நேரம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஐஸில் புதைத்துவிட்டு, குளிரிலேயே, எது எந்தச் செல் என்று காட்டும் சிடி45, சிடி34 ஆன்டிபாடிகளை வேறு நிறத்தில் போடு. கடைசியில், செத்த செல்லுக்குள் மட்டும் புகும் 7-ஏ.ஏ.டி. சாயம் ஒரு சொட்டு.

அப்புறம் மெஷின். செல்கள் ஊசி நூல் மாதிரி ஒற்றை வரிசையில் ஓடும். 488 நானோமீட்டர் நீல லேசர் ஒவ்வொன்றின் மேலும் விழும். ரோடமின் பச்சையாக மின்னும், மெஷின் அந்தப் பச்சையை எண்ணாக எழுதிக்கொள்ளும். நிமிடத்தில் பல்லாயிரம் செல்லைப் பார்த்துவிடும்.

புதிதாக வருபவர்கள் தவறுவது இங்கேதான். மொத்தக் கூட்டத்தின் பச்சையை எடுத்து ரிப்போர்ட் எழுதிவிடுவார்கள். மஜ்ஜையில் நோய்ச் செல் மட்டுமா இருக்கிறது? லிம்போசைட் என்ற சாதாரண வெள்ளையணுவும் இருக்கும். அதன் வகைகளான என்.கே. செல்களிலும் சிடி8 டி செல்களிலும் பிறவியிலேயே பம்பு உண்டு. அவற்றைச் சேர்த்து எண்ணினால் நோயே இல்லாதவனும் பாசிட்டிவ். ஆகவே சிடி45 மங்கலாக இருக்கும் பிளாஸ்ட் (முதிராத நோய்ச் செல்) கூட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதற்குள் மட்டும் பார். லிம்போசைட்டைத் தூக்கி எறிந்துவிடாதே. அது அதே டியூபில் உனக்கு இலவசமாகக் கிடைக்கும் சாட்சி. நான் எப்போதும் முதலில் லிம்போசைட்டைத்தான் பார்ப்பேன். அதில் ஒரு பகுதியாவது சாயத்தைத் துப்பியிருக்க வேண்டும். துப்பாவிட்டால் ஏதோ கோளாறு, மேலே போகாதே.

கணக்கு எளிது. மூன்றாவது டியூபில் உள்ள பிளாஸ்டின் சராசரிப் பச்சையை இரண்டாவது டியூபின் பச்சையால் வகுத்தால் வருவதுதான் விகிதம். பம்பு இல்லையென்றால் இரண்டும் ஒன்றே, 1 வரும். தேனி வாசகியின் அப்பாவுக்கு 2.4 என்றால், ஃப்யூஸ் பிடுங்கிய செல்லில் சாயம் 2.4 மடங்கு அதிகம் தங்கியது என்று அர்த்தம். எத்தனைக்கு மேல் பாசிட்டிவ் என்பதை ஒவ்வொரு ஆய்வகமும் தானே முடிவு செய்துகொள்கிறது. சாயத்தின் அளவு, நேரம், தடுக்கும் மருந்து மாறினால் எண்ணும் மாறும். ஓர் ஊரின் 2.4-ஐ இன்னோர் ஊரின் 1.8-ஓடு ஒப்பிட்டுப் பேசாதே.

இன்னொன்று. ரோடமின் பெரும்பாலும் பி-கிளைக்கோபுரோட்டீனைத்தான் காட்டும். 1992-இல் கனடாவின் கிங்ஸ்டனில் சூசன் கோல், ரோஜர் டீலி குழு எம்.ஆர்.பி.1 என்ற இன்னொரு பம்பைக் கண்டுபிடித்தது. 1998-இல் பி.சி.ஆர்.பி. என்று மூன்றாவது வந்தது. கால்சீன் ஏ.எம். என்ற சாயம் முதல் இரண்டுக்கும் பிடிபடும். மூன்றாவதற்கு மைட்டோசான்ட்ரோன் என்ற கீமோ மருந்தையே சாயமாகப் பயன்படுத்துகிறார்கள், லேசர் பட்டால் அதுவும் மின்னும். டானோரூபிசினும் மின்னும். அந்த மருந்து ஏறிய அன்று நோயாளியின் சிறுநீர் சிவப்பாகப் போகும், வீட்டில் உள்ளவர்கள் ரத்தம் என்று அலறுவார்கள். அந்தச் சிவப்பையே செல்லுக்குள் அளக்கலாம். நேர்மையான முறைதான், ஆனால் டி.என்.ஏ.வில் ஒட்டியதும் அதன் ஒளி மங்கிவிடுவதால் ரோடமின் அளவுக்குத் தெளிவு இருக்காது.

“ஒரு முறை எடுத்த ரத்தம் போதாது என்று மறுபடி எடுத்தார்கள். தொலைத்துவிட்டு மழுப்புகிறார்களோ?” – நாகர்கோவில் வாசகர்

தொலைத்திருக்கவும் கூடும், நான் அங்கே இல்லை. ஆனால் இந்த டெஸ்டுக்கு மறுபடி கேட்பது பல நேரம் நல்ல ஆய்வகத்தின் அடையாளம். உயிரோடு இருக்கும் செல் மட்டுமே இறைக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு பொங்கல் சமயம். தென்கோடி ஊர் ஒன்றிலிருந்து மஜ்ஜை மாதிரி இரவு பஸ்ஸில், தெர்மாகோல் பெட்டியில் கிளம்பியது. பஸ் நிலையத்தில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இரண்டு நாள் கழித்து என் மேசைக்கு வந்தது. நுண்நோக்கியில் செல்கள் உருண்டையாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. செத்தவை குறைவு. ஓட்டிப் பார்த்தேன், விகிதம் 1.0. ‘பம்பு இல்லை’ என்று ரிப்போர்ட் தட்டச்சு செய்து பிரிண்டும் போட்டாயிற்று. முடிவு நல்லதாக வரும்போது யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. நானும் அன்று லிம்போசைட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போடப் போனேன். பேனா எழுதவில்லை. வேறு பேனா தேடி எழுந்தபோது திரை கண்ணில் பட்டது. லிம்போசைட்டிலும் சாயம் அப்படியே இருக்கிறது! ஓடியே ஆக வேண்டிய பம்பும் ஓடவில்லை. செல்கள் சாகவில்லை, ஆனால் எரிபொருள் தீர்ந்து சோர்ந்து கிடந்திருக்கின்றன. தாளைக் கிழித்துவிட்டுப் புதிய மாதிரி கேட்டேன். திட்டு வாங்கினேன். புதிய மாதிரி காலையில் எடுத்து அன்று மாலையே வந்தது. விகிதம் 2-ஐத் தாண்டியது.

அன்றிலிருந்து மாதிரி எடுத்த நேரம் எழுதாத டியூபை நான் தொட்டதில்லை. உங்களிடம் மறுபடி ரத்தம் எடுத்தவரை மன்னித்துவிடுங்கள்.

“பம்பை அடைக்கும் மருந்துதான் இருக்கிறதே! அதையும் கீமோவோடு கொடுத்தால் முடிந்தது. ஏன் கொடுப்பதில்லை?” – கோவை வாசகர்

இதையே உலகமும் கேட்டது, இருபது ஆண்டுக்கு மேல். 1981-இல் ஜப்பானின் சுருவோ குழு, எலி ரத்தப் புற்றுச் செல்லில் வெராபமில் சேர்த்தால் வின்கிறிஸ்டின் மறுபடி வேலை செய்கிறது என்று காட்டியதும் எல்லாருக்கும் உற்சாகம். ஆனால் அது ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மருந்து. பம்பை அடைக்கும் அளவுக்கு ஏற்றினால் இதயத் துடிப்பே தடுமாறும். அடுத்து சைக்ளோஸ்போரின். 2001-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், மோசமான வகை ஏ.எம்.எல்.-இல் அது பலன் தந்தது. பிறகு அதைவிட வீரியமான பி.எஸ்.சி.833 வந்தது. முதியவர்களிடம் சோதித்தபோது, அந்த மருந்து பெற்ற பிரிவில் ஆரம்பத்திலேயே இறப்பு கூடியதால் அந்தப் பிரிவையே பாதியில் மூடினார்கள். 2010-இல் வெளியான, சோசுகிடார் என்ற இன்னொரு பம்பு தடுப்பு மருந்தின் ஆய்வில் 400 பேருக்கு மேல் சேர்ந்தும் ஆயுள் கூடவில்லை.

காரணம் எளிது. பம்பு புற்றுநோய்க்கென்று படைத்ததில்லை. குடல், கல்லீரல், சிறுநீரகம், மூளையின் ரத்தக்குழாய் எல்லாவற்றிலும் காவலுக்கு நிற்கிறது. அடைத்தால் கல்லீரலிலும் அடையும், கீமோ உடம்பைவிட்டுப் போகாமல் தேங்கும். ஆம்ஸ்டர்டாமில் ஆல்ஃபிரட் ஷிங்கல் குழு இந்தப் பம்பு மரபணு இல்லாத எலிகளை உருவாக்கியிருந்தது. எலிக்கூண்டில் உண்ணி வந்தது என்று வழக்கமான ஐவர்மெக்டினைப் போட்டார்கள். மற்ற எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பம்பில்லாத எலிகள் செத்து விழுந்தன. மூளைக்குள் மருந்து புகுந்துவிட்டது. 1994-இல் அதைப் படித்தபோதுதான், இத்தனை நாள் எதிரி என்று நினைத்து அளந்தது வீட்டுக் காவல்காரனையும்தான் என்று எனக்கு உறைத்தது.

“மிளகும் மஞ்சளும் இந்தப் பம்பை அடைக்குமாமே? கீமோ நாட்களில் மாமியாருக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா?” – கும்பகோணம் வாசகி

மிளகில் உள்ள பைப்பரின் பம்பைத் தடுக்கிறது என்று ஆய்வகத் தட்டில் காட்டியிருக்கிறார்கள், உண்மை. அதே பைப்பரின் கல்லீரலில் மருந்தைச் செரிக்கும் நொதி ஒன்றையும் தடுக்கிறது. மேலே பி.எஸ்.சி.833-க்கு நடந்ததை இன்னொரு முறை படியுங்கள். ரசத்தில் போடும் மிளகு பிரச்சினை இல்லை, தாராளமாகப் போடுங்கள். மாத்திரையாகவும் கெட்டிக் கஷாயமாகவும் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

“என் ஆறு வயது மகனுக்கு ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். இந்த டெஸ்ட் எடுக்கச் சொல்லி நாங்களே கேட்கலாமா?” – ஓசூர் வாசகர்

வேண்டாம். அவனுக்கு இதே மெஷினில் எடுக்க வேண்டியது வேறு டெஸ்ட்: எம்.ஆர்.டி. கீமோ முடிந்த பிறகு பத்தாயிரம் செல்லில் ஒரு நோய்ச் செல் மிஞ்சியிருந்தாலும் கண்டுபிடித்துவிடும். பம்பு, மரபணு, குழந்தையின் உடல்வாகு எல்லாம் சேர்ந்து கடைசியில் மருந்து கேட்டதா இல்லையா என்பதை அது நேரடியாகவே சொல்லிவிடுகிறது. பம்பு டெஸ்ட் பெரும்பாலும் ஆராய்ச்சியோடு நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தனை ஆண்டு ரோடமினோடு மல்லுக்கட்டிய எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஆனால் உங்கள் மகனுக்கு எம்.ஆர்.டி.யைத்தான் கேளுங்கள்.

“ரோடமின் என்பது பஞ்சுமிட்டாயில் போட்டுத் தடை செய்த சாயம்தானே? அதையா நோயாளிக்குக் கொடுக்கிறீர்கள்?” – கடலூர் வாசகர்

நோயாளிக்குக் கொடுப்பதில்லை ஐயா, டியூபில் இருக்கும் செல்லுக்கு மட்டும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வரக் காரணமானது ரோடமின் பி, துணிக்குப் போடும் சாயம். எங்களுடையது ரோடமின் 123, அதன் பங்காளி. உயிருள்ள செல்லில், ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப் போய் உட்காரும் குணம் அதற்கு. எங்கள் ஆய்வகத்தில் பிப்பெட் நழுவி ஒரு முறை அது மேசை விளிம்பில் கொட்டியது. ஸ்பிரிட் வைத்துத் துடைத்தோம், போய்விட்டது என்றுதான் நினைத்தோம். மாதக்கணக்கில் கழித்து யாரோ சாயத்தை ஒளிர வைக்கும் விளக்கை அந்தப் பக்கம் திருப்ப, விளிம்பு முழுக்கப் பச்சையாக ஐந்து விரல் தடம். யாருடையது என்று அளந்தும் பார்த்தோம். என்னுடையதுதான்.